ரிம்மா எழுதிய ஒன்பது அட்டைகள்

"திரையச் சாத்துங்க. வெளிச்சம் வருது. யார் கண்ணு போகுது? என் கண்ணுதானே போகுது?"

இதை முப்பத்தொன்பது வருஷம் சொன்னாள் ரிம்மா அர்க்காதியேவ்னா. கதவு ஒரு விரல்கடை திறந்தால் சொல்வாள். கறுப்புத் திரை லேசாக ஆடினால் சொல்வாள். யாருமே வராத நாளில், எப்படியும் வருவார்கள் என்ற சந்தேகத்தில் முன்கூட்டியே ஒருதரம் சொல்லி வைப்பாள். "திரைய"வில் ஒரு இழுப்பு, "என் கண்ணு"வில் சளி பிடித்த மாதிரி ஒரு மூக்குக் குரல். இன்ஸ்டிட்யூட்டில் புதிதாகச் சேர்கிறவர்கள் நுழைவு அட்டை கைக்கு வருவதற்கு முன்னாலேயே இந்தக் குரலைப் பழகிவிடுவார்கள். கேண்டீனில் யாராவது ஜன்னலைத் திறந்தால் நாலு மேசையிலிருந்து நாலு ரிம்மா பேசுவார்கள். அசல் ரிம்மா அதையும் கேட்டுக்கொண்டு முட்டைக்கோஸ் சூப்பைக் குடிப்பாள். கேலிக்கு மட்டும் அவள் பயந்ததில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் பயம். லிஃப்டில் ஏறமாட்டாள். படிவம் கொடுத்தால், பெயர் எழுதுகிற முதல் கட்டத்திலேயே தப்புப் பண்ணிவிடுவோம் என்று கை நடுங்கும். துணை இயக்குநரின் ஷூ சத்தம் வராந்தாவில் கேட்டால், அது எந்தக் கதவில் நிற்கிறது என்று தெரியும்வரை மூச்சை அடக்கிக்கொள்வாள். செப்டம்பரில் ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு பைன் காட்டுக்குள் காளான் பறிக்கப் போகும். அவள் கடையில் விற்கிற பாட்டில் காளானையே மூன்று தரம் கொதிக்க வைத்து, அப்புறமும் சாப்பிடாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். யாராவது நன்றி சொன்னால்கூட, எதற்காகச் சொல்கிறார்கள் என்று அன்றைக்கு முழுக்க யோசிப்பாள்.

ஓகா ஆற்றங்கரையில் இருந்த எங்கள் விஞ்ஞான நகரத்துக்கு அவள் பத்தொன்பது வயதில் வந்தாள். அப்போது அந்த இருட்டுக் கூடத்தில் முப்பது மேசை, மூன்று ஷிப்டு, தொண்ணூறு பெண்கள். மேலே, பெரிய மெஷினில், வேகமான துகள்களை ஒரு தொட்டித் திரவத்துக்குள் பாய்ச்சுவார்கள். அவை போன வழியெல்லாம் குமிழி குமிழியாகக் கோடு விழும். அதை ஃபிலிமில் படம் பிடித்துச் சுருள் சுருளாகக் கீழே அனுப்புவார்கள். விளக்கு அந்த ஃபிலிமை வெள்ளை மேசைமேல் பெரிதாகக் காட்டும். பெண்கள் குனிந்து பார்க்க வேண்டும். கோடு நேராகப் போனால் விட்டுவிடலாம். கோடு முறிந்தால், கிளை விட்டால், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கவட்டை மாதிரி இரண்டு கோடு முளைத்தால், கோணம், நீளம், வளைவு எல்லாவற்றையும் அளந்து அட்டையில் எழுத வேண்டும். ஒரு சுருளில் மூவாயிரம் படம். அதில் ஒரு முப்பதில் ஏதாவது இருந்தால் அது நல்ல சுருள்.

ஒரே சுருளை இரண்டு பேர் பார்ப்பார்கள். ஒருத்தி எழுதின அட்டையை அடுத்தவள் பார்க்கக்கூடாது. கூடத்தில் இருந்த ஒரே சட்டம் அதுதான். முதல் அட்டைகளை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியைக் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஆணி எங்கே என்று தொண்ணூறு பேருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் எடுப்பதில்லை.

இரண்டாயிரத்து நாலில் அந்தத் தொண்ணூறில் இரண்டு பேர் பாக்கி: ரிம்மாவும், அவளைவிட நாலு வயது மூத்த கலேரியாவும். மெஷினை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பழைய ஃபிலிமைத் திரும்ப அளந்து ஒழுங்குபடுத்துகிறோம் என்ற பேரில் இருவருக்கும் சம்பளம் வந்தது. கலேரியாவுக்குச் சம்பளத்தோடு இன்ஸ்டிட்யூட் விடுதியில் ஒரு அறையும் இருந்தது. புருஷன், பிள்ளை யாருமில்லாதவளுக்கு அந்த அறைதான் எல்லாம். ரிம்மா எதற்குப் பயந்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்பதுதான் கலேரியாவின் பொழுதுபோக்கு.

அதற்கு முந்தின வருஷம்தான் உலகம் முழுக்க அஞ்சு குவார்க் பைத்தியம் பிடித்து ஆடியது. பொருள்களை உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது குவார்க். அது தனியாக இருக்காது; இரண்டாகச் சேரும், மூன்றாகச் சேரும். நாலு அஞ்சாகக் கூட்டம் சேருமா என்று நாற்பது வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லை. திடீரென்று ஜப்பானில் பார்த்தோம் என்றார்கள், அமெரிக்காவில் பார்த்தோம் என்றார்கள். எங்கள் பேராசிரியர் தீஹன் பரீசவிச், எழுபத்தொரு வயது, பழைய அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கச் சொன்னார். ஏற்றினவன் யாரிக் என்ற இளம் ஆராய்ச்சியாளன். ஒவ்வொரு அட்டையிலிருந்தும் ஒரு எடை வரும். எடைகளை வரிசையாகக் கட்டம் போட்டால் சாதாரணமாகச் சமதளமாக இருக்க வேண்டும். ஒரு எடையில் மட்டும் கூட்டம் சேர்ந்தால் அங்கே ஒட்டகத் திமில் மாதிரி மேடு எழும்பும். அங்கே புதிய துகள் இருக்கிறது என்று அர்த்தம்.

திமில் எழும்பியது. வழக்கமாகப் பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் இருபத்துநாலு.

இதைக் கலேரியாவுக்கு விளக்க யாரிக் படாதபாடு பட்டான். மூன்று பேர் இருக்கிற இடத்தில் அஞ்சு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றான். "எங்க விடுதியில ஒரு அறைக்கு ஏழு பேர் இருந்தோம்டா. அதுக்கு எவனும் மாநாடு போடல," என்றாள் அவள்.

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை மத்தியானம் தீஹன் பரீசவிச் கூடத்துக்கே வந்துவிட்டார். கையில் சாக்லேட் கேக், கோட்டுப் பையில் ஜார்ஜியா பிராந்தி. டீக் கோப்பையில் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. இந்த மனுஷர் பனி கொட்டுகிற நாளில்கூட நேராக நடக்கிறவர். அன்றைக்குத் தொப்பியைத் தலையிலிருந்து எடுக்க மறந்து நின்றார். இருபத்துநாலில் ஒன்பது, ரிம்மாவின் அட்டையில் மட்டுமே இருக்கிறது என்றார். முதலில் பார்த்த கலேரியா தவறவிட்டதை இரண்டாவதாகப் பார்த்த ரிம்மா பிடித்திருக்கிறாள். அந்த ஒன்பது இல்லாவிட்டால் திமிலே இல்லை.

"உங்க பேரையும் கட்டுரையில போடறேன், ரிம்மா அர்க்காதியேவ்னா. நாப்பது வருஷத்துல இந்தக் கூடத்துக்கு நாங்க யாரும் சரியா நன்றி சொன்னதில்ல."

ரிம்மா வாயில் கேக்கோடு நின்றாள். யாரிக் பட்டியலை நீட்டினான். சுருள் நூற்றுப்பன்னிரண்டு, நூற்றுப்பதின்மூன்று, நூற்றுப்பதினாலு, ஒவ்வொன்றிலும் மூன்று. அந்த வாரம் மெஷின் நல்ல மனநிலையில் இருந்திருக்கிறது என்று அவன் ஜோக்கடித்தான். ரிம்மா எண்களைப் பார்த்தாள். கேக்கைக் கைக்குட்டையில் துப்பி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். கலேரியா மட்டும் கவனித்தாள். பேர் அச்சாவதற்குக்கூடப் பயப்படுகிற ஜென்மம் இது ஒன்றுதான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

எண்பத்தேழாம் வருஷம், மார்ச் கடைசி. காலாண்டுத் திட்டம் முடிய மூன்று நாள். ரிம்மாவின் கணக்கில் மூன்று சுருள் பாக்கி. மத்தியானம் ஒருத்தி ஓடிவந்து, கடைக்குச் செக்கோஸ்லோவாக்கியா பூட்ஸ் வந்திருக்கிறது, உள்ளே ரோமம் வைத்தது என்று கிசுகிசுத்தாள். நிமிஷத்தில் கூடம் காலி. ரிம்மாவும் ஓடினாள். வரிசையில் எத்தனையாவது ஆள் என்று அவள் உள்ளங்கையில் பேனாவால் எண்பத்துமூன்று எழுதினார்கள். அந்த எண்ணைப் பார்த்தபோதுதான், விளக்கை அணைக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வரிசையை விடவில்லை. விட்டால் பூட்ஸ் போய்விடும் என்ற பயமும், திரும்பிப் போனால் என்ன பார்ப்போமோ என்ற பயமும் சேர்ந்து அவளை அங்கேயே நிறுத்திவிட்டன.

திரும்பி வந்தபோது, நூற்றுப்பதினாலாம் சுருளில் நாற்பது படம் விளக்குச் சூட்டில் வெந்து, பாலாடை மாதிரிச் சுருங்கியிருந்தது. அரசாங்கச் சொத்து. அந்த நாளில் அதற்கு நாசவேலை என்றுதான் பேர் வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். வெந்ததை வெட்டி எறிந்தாள். இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டினாள். ஒட்டி, காய்ந்ததா என்று ஐம்பது தரம் தொட்டுப் பார்த்ததிலேயே ஒன்றரை நாள் போயிற்று. ஒட்டினதை மேசை மெஷினில் மாட்டினால் பிய்ந்துவிடும், மெக்கானிக் பார்த்துவிடுவான்; மற்ற இரண்டு சுருளைப் பார்க்க நேரமில்லை. கடைசி நாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து காலண்டரை நகர்த்தினாள்.

கலேரியாவின் அட்டைகளை அப்படியே பெயர்த்து எழுதினாள். எண்களில் மட்டும் உப்புப் போடுகிற மாதிரி ஒரு சிட்டிகை கூட்டி, ஒரு சிட்டிகை குறைத்து. அப்போது இன்னொரு பயம் வந்தது. இரண்டாவதாகப் பார்க்கிறவள் எப்போதும் புதிதாக இரண்டு மூன்று கண்டுபிடிப்பாள். ஒன்றுகூட இல்லாவிட்டால் சந்தேகம் வரும். புதிதாகக் கற்பனை பண்ணி எழுதினால் கம்ப்யூட்டர் இது நடக்கவே முடியாது என்று துப்பிவிடும். அதனால் கலேரியாவின் அட்டைகளில் ஒன்றை எடுத்தாள். கச்சிதமாக, கோலம் போட்ட மாதிரி இருந்த ஒரு கவட்டை. அதையே ஒன்பது தரம், சிட்டிகை சிட்டிகையாக மாற்றி, இஷ்டத்துக்குப் படம் எண் போட்டு, சுருளுக்கு மூன்றாகத் தூவிவிட்டாள். அந்த நாளில் வேறு எதையோ தேடினார்கள். யாரும் இதைக் கட்டம் போட்டுப் பார்க்கவில்லை. பதினேழு வருஷம் ஒன்றும் ஆகவில்லை.

ஒரே துகளை ஒன்பது தரம் எழுதினால் ஒன்பதும் ஒரே எடைதான் காட்டும். திமில் எழும்பாமல் என்ன செய்யும்?

யாரிக் கெட்டிக்காரன். ஒருத்தி கண் மட்டும் பார்த்ததை நம்பி எழுதக்கூடாது, இருபத்துநாலையும் பழைய சட்டப்படி இரண்டு பேரும் தனித்தனியாகத் திரும்ப அளக்கட்டும் என்றான். திங்கட்கிழமை ரிம்மா, புதன்கிழமை கலேரியா, வியாழன் காலை அட்டைகள் அவன் கைக்கு வரவேண்டும், வெள்ளி காலை கட்டுரை உலகத்துக்குப் போகும். மாஸ்கோவிலிருந்து ஏற்கெனவே போன் வந்துவிட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரிம்மா கோட்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் நடந்தாள். சமைத்த கோதுமைக் கஞ்சி தட்டிலேயே ஆறிப்போனது. வாசலில் யாரோ தபால்பெட்டியைத் திறந்த சத்தத்துக்குச் சமையலறை மேசைக்கடியில் குனிந்துவிட்டாள்; குனிந்தபிறகு, எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லிவிட்டால் வேலை போகும், பென்ஷன் போகும், போகிற வழியெல்லாம் விரல் நீட்டுவார்கள். சொல்லாவிட்டால் அந்தக் கிழவர் மேடையில் ஏறி, இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்வார், அவளுடைய பேரையும் சேர்த்துச் சொல்வார்.

திங்கட்கிழமை நூற்றுப்பன்னிரண்டாம் சுருளை மாட்டினாள். முதல் எண் வந்தது. படத்தில் நாலு நேர்கோடு, பக்கத்தில் பக்கத்தில், மழைக்கம்பி மாதிரி. வேறு ஒன்றுமில்லை. அவள் வெகுநேரம் பார்த்தாள். இல்லாதது முளைத்துவிடாதா என்றுகூட ஒரு நொடி பார்த்தாள். அதற்குள் வராந்தாவில் ஷூ சத்தம் கேட்டது. சத்தம் கடந்து போவதற்குள் கை தானாகவே பழைய கோணத்தை, பழைய நீளத்தை எழுதி முடித்துவிட்டது. மற்ற எட்டும் அப்படியே. நூற்றுப்பதினாலில் ஒட்டு இன்னும் கெட்டியாக இருந்தது.

அட்டைகளை டிராயரில் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினாள்.

புதன்கிழமைக்காகத் தூக்குக்குக் காத்திருக்கிறவள் மாதிரிக் காத்திருந்தாள். கலேரியா பார்ப்பாள். கலேரியாவிடம் ஒன்றும் தப்பாது. ஒரு காலத்தில் கூடத்திலேயே அவள் கண்தான் முதல் கண். ஒன்பது இடத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டு வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரிப்பாள். நினைக்க நினைக்க ரிம்மாவுக்கு ஒரு பக்கம் ஓடிவிடலாம் போலிருந்தது, இன்னொரு பக்கம், தான் வாய் திறக்காமலே முடிந்துவிடும் என்று ஒரு கேவலமான ஆறுதலும் இருந்தது. கலேரியா சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வந்து, முதுகை நிமிர்த்தி, "முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழன் காலை பத்து மணிக்கு யாரிக் திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். வராந்தா விளக்கு வெளிச்சம் கூடத்துக்குள் கொட்டியது. ரிம்மா திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆனால் சந்தோஷத்தில் கவனிக்கவில்லை. இருபத்துநாலுக்கு இருபத்துநாலு, இருவரும் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ரிம்மாவின் குரலில் "என் கண்ணுதானே போகுது" என்று ஒருதரம் பாடிக்காட்டிவிட்டுப் பேராசிரியரிடம் ஓடினான்.

ரிம்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள். இல்லாத ஒன்பதைக் கலேரியா எப்படிப் பார்த்தாள்? அளந்தாள் என்றால் எதை அளந்தாள்? அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதில் வந்தபோது இதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. மாட்டிக்கொள்வோம் என்று ஆறு நாள் செத்துப் பிழைத்தாளே, மாட்டவே போவதில்லை. பிடிக்க யாருமில்லை. அந்த வாரம் அந்தக் கூடத்தில் அந்தப் படங்களை உண்மையிலேயே பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

கலேரியாவைக் கேண்டீன் பின்பக்கத்துப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கையில் இருந்த முட்டைக்கோஸ் பன்னைக் கீழே போடாமல் கலேரியா கூடவே வந்தாள்.

"சாவிய எடுத்தியா?"

"எடுத்தேன்," என்றாள் கலேரியா, பன்னைக் கடித்துக்கொண்டே. "மூணு வருஷமா எடுக்கிறேன். வலது கண்ணுல பால் ஊத்தின மாதிரி இருக்கு, இடது கண்ணுல மோர் ஊத்தின மாதிரி. டாக்டர்கிட்டப் போனா சீட்டு எழுதுவான், சீட்டு ஆபீசுக்குப் போகும், ஆபீஸ்ல அறையக் காலி பண்ணுன்னு சொல்லுவான். எங்கடி போவேன்? ஆத்துலயா?"

"என்னுதப் பாத்தா எழுதின?"

"பின்ன யாருதப் பாத்து எழுதுவேன். உலகத்துல இருக்கற எல்லாத்துக்கும் பயப்படுறவ நீ. நீ ஒண்ண எழுதினா அது அங்க இல்லாம இருக்குமா?"

ரிம்மா சொன்னாள். பூட்ஸ், விளக்கு, வெந்த ஃபிலிம், ஒட்டு, ஒன்பது. கலேரியா பன் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். படிக்கட்டில் மெதுவாக உட்கார்ந்தாள். தவறவிட்டோம் என்று ஆறு நாளாக மனசுக்குள் வெந்துகொண்டிருந்தவள் அவள். ஒன்றையும் தவறவிடவில்லை என்று இப்போது தெரிந்தும் அவள் முகம் தெளியவில்லை.

"எதப் பாத்து ஒன்பது பண்ணின? அந்த அழகான ஒண்ணு, யாரோடது?"

"உன்னோடது."

கலேரியா மீதிப் பன்னைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம், நீ போய்ச் சொன்னால் நான் தெருவில் நிற்பேன், தெரியுமில்லையா என்று மட்டும் கேட்டாள். ரிம்மாவுக்குத் தெரியும். உன் பேர் வராது என்று சொல்லிவிட்டு, எப்படி வராமல் செய்வது என்று தெரியாமலே நடந்தாள்.

பேராசிரியரின் அறை நாலாவது மாடி. அன்றைக்கு ரிம்மா லிஃப்டில் ஏறினாள். படியில் போனால் பாதியில் திரும்பிவிடுவோம் என்று பயந்ததுதான் காரணம். லிஃப்டில் திரும்ப முடியாது. கையில் சுருள் டப்பா மூன்று. உள்ளே தீஹன் பரீசவிச் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் பேர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். யாரிக் பக்கத்தில் நின்றான். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லி முடித்தாள். யாரிக் முகத்தில் இரத்தம் இல்லை. அப்படியானால் கலேரியா செம்யோனவ்னாவின் அட்டைகள் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டான்.

"அதையும் நான்தான் எழுதினேன். அவளத் தொட விடல."

தீஹன் பரீசவிச் அந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தார். எழுத்து, குழந்தை எழுதினது மாதிரிப் பெரிது பெரிதாக, கோட்டைவிட்டு ஏறியும் இறங்கியும் இருந்தது. முப்பது வருஷமாக அந்தக் கையெழுத்தை அவருக்குத் தெரியும். ரிம்மாவின் எழுத்து எறும்பு வரிசை என்பதும் தெரியும். அட்டைகளைத் திருப்பி, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி மேசைமேல் வைத்தார். அதைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

கீழே போய்ப் பார்க்கலாம் என்றார். மூன்று பேரும் இருட்டில் நின்று ஒன்பது படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நேர்கோடு, நேர்கோடு, நேர்கோடு. ரிம்மாவின் பல் தந்தி அடிக்கிற சத்தம் அந்த அமைதியில் நன்றாகக் கேட்டது. கடைசிப் படம் முடிந்ததும் கிழவர், அந்த அசலைக் காட்டுங்கள் என்றார். ரிம்மா சுருளை ஓட்டி நிறுத்தினாள். வெள்ளை மேசையில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மெல்லிசாக இரண்டு கோடு விரிந்து வளைந்து போனது. அவர் மூக்கு மேசையில் இடிக்கிற அளவு குனிந்தார். அவர் கத்துவார், அழுவார், அல்லது அப்படியே சரிந்துவிடுவார் என்று அவள் மூன்றுக்கும் தயாராக நின்றாள்.

"அழகாத்தான் இருக்கு," என்றார். "நானா இருந்தாலும் இதத்தான் எடுத்திருப்பேன்."

பிறகு தொப்பியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை எதுவும் எங்கேயும் போகவில்லை. ஒன்பதை எடுத்ததும் திமில் படுத்துவிட்டது. எட்டு மாசம் தூங்காமல் வேலை செய்த யாரிக், கட்டத்தைச் சுவரிலிருந்து கிழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் மற்ற ஊர்களில் எழும்பிய திமில்களும் ஒவ்வொன்றாகப் படுத்தன, அவரவர்க்கு அவரவர் காரணத்தால். கலேரியா ஒரு மாசம் ரிம்மாவிடம் பேசவில்லை. ஒரு மாசம் கழித்து வந்து, கண் ஆபரேஷனுக்குக் கூட வருவியா, இல்லை ஆஸ்பத்திரிக்கும் பயமா என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்கும் பயம்தான். போனாள். தீஹன் பரீசவிச் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தில் கலேரியாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அறை அறையாகவே இருந்தது.

ரிம்மாவை விசாரிக்க ஏப்ரலில் மூன்று பேர் வந்தார்கள். கூடத்தின் நடுவில் ஒரு மேசை போட்டு, விளக்கெல்லாம் ஏற்றி, திரைகளை முழுக்கத் திறந்து வைத்து உட்கார்ந்தார்கள். அவள் அந்தக் கூடத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததே கிடையாது; சுவரெல்லாம் பச்சை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கேள்விகளுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். பேனாவைக் கொடுத்தபோது, பேர் எழுதுகிற இடத்தில் பேரைச் சரியாக எழுதினாள். வேலையிலிருந்து விடுவிக்கிற காகிதம் தயாராகவே இருந்தது. பென்ஷனில் கைவைக்கவில்லை என்று ஒருத்தர் பெருந்தன்மையாகச் சொன்னார். தலைவராக வந்தவர், கழுத்துப்பட்டை இறுக்கமாகக் கட்டிய பெரிய மனுஷர், காகிதத்தை மடிப்பதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். இந்த முப்பத்தொன்பது வருஷத்தில் நீங்கள் எழுதின அட்டைகள் எத்தனை ஆயிரம் இருக்கும், இனிமேல் அதில் ஒன்றையாவது நாங்கள் எப்படி நம்புவது என்று கேட்டார்.

அவள் உதடு வெளுத்திருந்தது. கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். குரலும் நடுங்கியது, ஆனால் கடைசிவரை நிற்கவில்லை.

"நம்பச் சொல்லி நான் எப்பங்க கேட்டேன்? நீங்களா நம்பினீங்க. ஃபிலிம் அலமாரியில இருக்கு, மேசை இருக்கு, நாற்காலியும் இப்ப காலியாத்தான் இருக்கு. வந்து உக்காந்து, ஒவ்வொண்ணா நீங்களே பாத்துக்குங்க. ஒண்ணுமே இல்லாத படத்துக்கு நேரா 'இல்ல'ன்னு எழுதறதுக்கு எனக்குப் பதினேழு வருஷம் ஆச்சு. உங்களுக்கு எவ்வளவு நாள் ஆகுதுன்னு பாப்போம்."